அணைத்துவிட்டேன், ஆனாலும் ஓடுகிறது!

கேள்வி: என் மடிக்கணினியில் காசு கொடுத்து வாங்கிய ஒரு ஆன்டிவைரஸ் இருக்கிறது. ஓராண்டுச் சந்தா முடிந்து இரண்டு மாதம் ஆகிறது, புதுப்பிக்க விருப்பமில்லை. அதன் ஐகானை வலச்சொடுக்கி பாதுகாப்பை நிரந்தரமாக நிறுத்தினேன். டாஸ்க் மேனேஜரின் ஸ்டார்ட்அப் பட்டியலிலும் முடக்கினேன். விண்டோஸோடு வரும் டிஃபெண்டரையும் அணைத்தேன். அது தானாகவே திரும்ப எழுந்துகொண்டதால், ஒரு வீடியோவில் சொன்னபடி, விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமித்துவைக்கும் ரெஜிஸ்ட்ரியிலும் ஒரு வரி சேர்த்துப் பார்த்தேன். தினமும் இரவு ஷட்டவுன் செய்துவிட்டுத்தான் படுக்கிறேன். காலையில் திறந்தால் மறுபடி அதே மூன்று நான்கு பெயர்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன. 'எண்ட் டாஸ்க்' கொடுத்தால் அனுமதி இல்லை என்கிறது. என் கணினியில் எனக்கே அனுமதி இல்லையா? இது வைரஸா? யாராவது என்னை வேவு பார்க்கிறார்களா? கணினி மெதுவாக இருப்பதற்கும் இதுதான் காரணமா?

பதில்:

முதலில் பயத்தைத் தீர்த்துவிடுவோம். நீங்கள் பார்ப்பது அநேகமாக வைரஸ் இல்லை. உறுதி செய்துகொள்ள ஒரு நிமிடம் போதும். டாஸ்க் மேனேஜரில் அந்தப் பெயரை வலச்சொடுக்கி, கோப்பு இருக்கும் இடத்தைத் திறங்கள். 'ஆன்டிமால்வேர் சர்வீஸ் எக்ஸிகியூட்டபிள்' என்பது டிஃபெண்டரின் பெயர். அதன் கோப்பு 'புரோகிராம் டேட்டா'வுக்குள் மைக்ரோசாஃப்ட், விண்டோஸ் டிஃபெண்டர், பிளாட்ஃபார்ம் என்று போகும் கோப்புறையில் இருக்க வேண்டும். அல்லது 'புரோகிராம் ஃபைல்ஸ்' கீழே விண்டோஸ் டிஃபெண்டர் கோப்புறையில் இருக்க வேண்டும். கோப்பின் பண்புகளில் மைக்ரோசாஃப்டின் டிஜிட்டல் கையொப்பமும் இருக்கும். காசு கொடுத்து வாங்கியதற்கும் இதே சோதனைதான்: அந்த நிறுவனத்தின் கோப்புறை, அந்த நிறுவனத்தின் கையொப்பம். இதே பெயரில் ஒன்று டவுன்லோட்ஸிலோ தற்காலிகக் கோப்புகளுக்கு நடுவிலோ உட்கார்ந்திருந்தால் மட்டும் கவலைப்படுங்கள். அப்படி இருந்தால் கீழே எழுதியிருப்பதை விட்டுவிட்டு முதலில் ஒரு முழு ஸ்கேன் ஓட்டுங்கள்.

இனி உங்கள் உண்மையான கேள்விக்கு வருகிறேன். அணைத்தது எப்படி ஓடும்?

நீங்கள் அணைத்தது ஓட்டத்தை அல்ல, தலையீட்டை. அந்த நிரலின் பொத்தானில் 'பாதுகாப்பை நிறுத்து' என்றுதான் எழுதியிருக்கும். 'நிரலை நிறுத்து' என்று இருக்காது. காவலாளியிடம் "இனி யாரையும் தடுக்காதே" என்று சொல்லியிருக்கிறீர்கள். அவர் வீட்டுக்குப் போகவில்லை. நாற்காலியிலேயே உட்கார்ந்து கோழித்தூக்கம் போடுகிறார். இது என் உவமை மட்டுமல்ல. ஆன்டிவைரஸ்கள் தங்கள் நிலையை விண்டோஸுக்குத் தெரிவிக்க நான்கு சொற்கள் வைத்திருக்கிறார்கள்: இயங்குகிறது, அணைந்திருக்கிறது, காலாவதியாகிவிட்டது, நான்காவது 'ஸ்னூஸ்டு'. அலாரத்தில் வருகிற அதே ஸ்னூஸ்தான். தூங்கும் ஆன்டிவைரஸ் விண்டோஸுக்கே பழகிப்போன விஷயம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

ஒரு ஆன்டிவைரஸ் என்பது ஒரே நிரல் அல்ல என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். கண்ணுக்குத் தெரிகிற ஐகானும் ஜன்னலும் ஒரு சிறு நிரல். அது செத்தாலும் மற்றவைக்கு ஒன்றும் ஆகாது. நீங்கள் ஸ்டார்ட்அப் பட்டியலில் முடக்கியது அநேகமாக இதை மட்டும்தான். அந்தப் பட்டியல் நீங்கள் லாக்-இன் செய்த பிறகு கிளம்புகிற நிரல்களுக்கானது. ஆன்டிவைரஸின் மூளை, பின்னணியில் ஓடும் சர்வீஸ் என்ற வடிவில், நீங்கள் கடவுச்சொல் அடிப்பதற்கு முன்பே எழுந்துவிடும். அது ஸ்டார்ட்அப் பட்டியலுக்குள் வரவே வராது. இவை தவிர, வைரஸ் அடையாளங்களைப் புதுப்பிக்க ஒன்று, சந்தாவைச் சரிபார்க்க ஒன்று, உலாவிக்குள் ஒரு நீட்சி என்று துணைக்கு ஆட்கள் இருப்பார்கள்.

எல்லாவற்றுக்கும் அடியில், டாஸ்க் மேனேஜரில் பெயரே வராத ஒன்று இருக்கிறது: ஃபில்டர் டிரைவர், அதாவது விண்டோஸின் உள்ளேயே நின்று கோப்புக் கோரிக்கைகளை வடிகட்டும் நிரல். விஷயத்தின் மையம் இதுதான் என்பதால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

நீங்கள் ஒரு கோப்பைத் திறந்தால் அந்தக் கோரிக்கை நேராக வட்டுக்குப் போவதில்லை. விண்டோஸின் மையப்பகுதியான கெர்னலுக்குள், மாடிப்படி போல ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்கும் டிரைவர்களைக் கடந்து இறங்குகிறது. ஒவ்வொரு டிரைவருக்கும் எந்தப் படியில் நிற்க வேண்டும் என்று ஓர் எண் ஒதுக்கியிருக்கிறார்கள். அதற்குப் பெயரே 'உயரம்'. ஆன்டிவைரஸ்களுக்கு 3,20,000-ல் தொடங்கும் வரிசை. டிஃபெண்டர் நிற்பது 3,28,010-ல். கோரிக்கை அந்தப் படிக்கு வந்ததும் டிரைவர் அதை நிறுத்தி, மேலே இருக்கும் சர்வீஸிடம் "இதை விடலாமா?" என்று கேட்கும். பதில் வந்த பிறகே கோப்பு திறக்கும். ரியல்-டைம் பாதுகாப்பு என்று நாம் சொல்வது இந்தக் கேள்வி பதிலைத்தான்.

பாதுகாப்பை நிறுத்தினால் இந்த உரையாடல் நிற்கிறது, அவ்வளவுதான். டிரைவர் படியிலேயே இருக்கும். வருவதையெல்லாம் "போ, போ" என்று விட்டுக்கொண்டிருக்கும். ஏன் இறக்கிவிடுவதில்லை என்றால், ஓடிக்கொண்டிருக்கும் கெர்னலிலிருந்து ஒரு டிரைவரை உருவுவது ஆபத்தான வேலை. நூற்றுக்கணக்கான கோப்புகள் திறந்திருக்கும். அவற்றில் சில அந்த டிரைவரின் கையில் பாதி வேலையில் நிற்கும். அந்த நேரத்தில் உருவினால் விண்டோஸ் மொத்தமாக நின்றுபோய் நீலத்திரைதான். அதனால் பல நிறுவனங்கள் தங்கள் டிரைவரை ரீஸ்டார்ட் ஆகும்வரை இறக்க முடியாதபடியே எழுதுகின்றன. நீங்கள் மனம் மாறிப் பொத்தானை மறுபடி அழுத்தினால் அந்த நொடியே வேலையைத் தொடங்க வேண்டும் என்பதும் ஒரு காரணம்.

இந்த டிரைவர்கள் எவ்வளவு ஆழத்தில் இருக்கின்றன என்று 2024 ஜூலை 19 அன்று உலகமே பார்த்தது. கிரௌட்ஸ்ட்ரைக் நிறுவனத்தின் பாதுகாப்பு மென்பொருளுக்கு வந்த ஒரே ஒரு பிழையான புதுப்பிப்புக் கோப்பு, மைக்ரோசாஃப்டின் கணக்குப்படி சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகளைச் சாய்த்தது. கோப்பை ஒன்றரை மணி நேரத்துக்குள்ளேயே திரும்பப் பெற்றுவிட்டார்கள். ஆனால் விழுந்த கணினிகள் பல எழவில்லை. அந்த டிரைவர் விண்டோஸ் தொடங்கும்போதே கூடத் தொடங்குவது; திரை வருவதற்குள் கணினியைத் திரும்பவும் சாய்த்துவிடும். ஒவ்வொன்றாகச் சேஃப் மோடில், அதாவது அத்தியாவசியமானவை மட்டும் எழும் நிலையில், திறந்து அந்தக் கோப்பை அழிக்க வேண்டியிருந்தது. வேலியே பயிரை மேய்ந்த கதை.

சரி, 'என் கணினியில் எனக்கே அனுமதி இல்லையா?' என்று கேட்டிருக்கிறீர்கள். கோபம் நியாயமானது. ஆனால் கணினிக்கு உங்களை அடையாளம் தெரியாது. உங்கள் கணக்கில் ஓடுகிற நிரலை மட்டும்தான் அதற்குத் தெரியும். ஒரு தீய நிரல் உள்ளே வந்து, அட்மினிஸ்ட்ரேட்டர் உரிமையும் கிடைத்துவிட்டால், அது முதலில் செய்ய நினைப்பது நீங்கள் செய்ததையேதான்: ஆன்டிவைரஸை எண்ட் டாஸ்க் செய்வது, சர்வீஸை நிறுத்துவது, ரெஜிஸ்ட்ரியில் வரி சேர்ப்பது. திருடனும் வீட்டுக்காரரும் ஒரே சாவியோடு வந்தால் பூட்டு என்ன செய்யும்? அதனால் பூட்டு இருவரையும் தடுக்கிறது.

விண்டோஸ் இதைப் படிப்படியாக இறுக்கிக்கொண்டே வந்திருக்கிறது. 2012-ல் வந்த விண்டோஸ் 8-ல், மற்ற டிரைவர்களுக்கு முன்பாகவே ஆன்டிவைரஸின் டிரைவர் எழுந்து, பின்னால் வருபவர்களைச் சோதிக்கும் ஏற்பாடு வந்தது. 2013-ல் 8.1 வந்தபோது, ஆன்டிவைரஸின் சர்வீஸைப் 'பாதுகாக்கப்பட்ட செயல்முறை'யாக ஓட்ட வழி செய்தார்கள். அப்படி ஓடுவதை அட்மினிஸ்ட்ரேட்டர் கணக்காலும் கொல்ல முடியாது. உங்கள் எண்ட் டாஸ்க் மோதி நிற்பது அநேகமாக இந்தச் சுவரில். 2019-ல் டிஃபெண்டருக்கு 'டேம்பர் ப்ரொடெக்‌ஷன்' வந்தது. வெளியிலிருந்து அதன் அமைப்புகளை மாற்றும் வழிகளில் பலவற்றை அது அடைத்துவிட்டது.

அந்த வீடியோ சொன்ன ரெஜிஸ்ட்ரி வரி என்னவென்று நீங்கள் எழுதவில்லை. பெரும்பாலான வீடியோக்கள் சொல்வது ஒரே வரியைத்தான். 'ஆன்டிஸ்பைவேரை முடக்கு' என்று பொருள்படும் பெயர், அதற்கு மதிப்பு 1. ஒரு காலத்தில் அது வேலை செய்தது. 2020-ல் வந்த ஒரு புதுப்பிப்பிலிருந்து வீட்டுக் கணினிகளில் டிஃபெண்டர் அந்த வரியைக் கண்டுகொள்வதே இல்லை. வீடியோ எடுத்தவர்களுக்கு இந்தச் செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை போலும். நீங்கள் சேர்த்தது அதுதான் என்றால் தயவுசெய்து அழித்துவிடுங்கள். பயனும் இல்லை, சில நேரம் டிஃபெண்டரே அதைத் தொற்றின் அடையாளமாக எடுத்துக்கொண்டு எச்சரிக்கும்.

ஷட்டவுன் விஷயம் உங்களை இன்னும் அதிகமாக ஏமாற்றியிருக்கும். விண்டோஸ் 8-லிருந்து 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' என்று ஒன்று இருக்கிறது. அது இயக்கத்தில் இருந்தால், ஷட்டவுன் கொடுக்கும்போது உங்கள் நிரல்கள் மட்டும்தான் மூடப்படும். கெர்னலும் டிரைவர்களும் சர்வீஸ்களும் இருந்த நிலையிலேயே வட்டில் எழுதிவைக்கப்பட்டு, காலையில் அப்படியே திரும்ப நினைவகத்துக்கு வரும். அதாவது இரண்டு மாதமாகத் தினமும் ஷட்டவுன் செய்தும், அந்த டிரைவர் ஒருமுறைகூட இறங்காமல் இருந்திருக்கலாம். உண்மையிலேயே முழுதாக மூடித் திறப்பது ரீஸ்டார்ட்தான். அணைப்பது பாதி, மறுதொடக்கம் முழுசு. பெயர் வைத்தவர்களைத்தான் கேட்க வேண்டும். ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டே ஷட்டவுனைச் சொடுக்கினால் அதுவும் முழு ஷட்டவுன் ஆகும்.

வேவு பார்க்கிறதா என்று கேட்டீர்கள். அந்தச் சொல் அதிகம். ஆனால் ஒன்றுமே வெளியே போகவில்லை என்றும் சொல்ல மாட்டேன். சந்தா முடிந்த ஆன்டிவைரஸ் தன் நிறுவனத்தோடு பேசிக்கொண்டுதான் இருக்கும். சந்தா புதுப்பிக்கப்பட்டதா என்று கேட்கும், புதிய பதிப்பு உண்டா என்று பார்க்கும், பயன்பாட்டுத் தகவல் அனுப்பும். 'உங்கள் கணினி ஆபத்தில் உள்ளது' என்று சிவப்பு ஜன்னல் வருகிறதே, அதைக் காட்டவும் ஓர் ஆள் விழித்திருக்க வேண்டும். மேலே சொன்ன தொழில்நுட்பக் காரணங்களை நான் மனதார ஏற்கிறேன். இந்தக் கடைசிக் காரணம் வெறும் வியாபாரம். காவல் வேலையை நிறுத்திய பிறகும், சம்பளம் கேட்பதற்காக மட்டும் வாசலில் உட்கார்ந்திருப்பதுபோல.

உங்கள் கணினியின் இப்போதைய நிலையை யோசித்துப் பாருங்கள். ஒரு வீட்டில் இரண்டு காவலாளிகள், இரண்டு பேரும் அரைத்தூக்கம். காசு கொடுத்து வாங்கியது தன்னை விண்டோஸில் பதிவு செய்துகொண்டபோது டிஃபெண்டர் தானாகவே ஒதுங்கியிருக்கும். ஓர் உறையில் இரண்டு வாள் வேண்டாம் என்ற ஏற்பாடு அது. முன்னது காலாவதியானதாக விண்டோஸுக்குத் தெரிந்த பிறகு டிஃபெண்டர் மீண்டும் பொறுப்பேற்க எழுகிறது. நீங்கள் அதன் தலையில் தட்டுகிறீர்கள். அது மறுபடி எழுகிறது, ஏனென்றால் அந்தப் பொத்தான் தற்காலிகமாக அணைப்பதற்கு மட்டுமே. கொஞ்ச நேரத்தில் தானே திரும்பும் என்று அந்தப் பக்கத்திலேயே எழுதியிருக்கும். பாரம் முழுதும் சுமக்கிறீர்கள், பாதுகாப்பு மட்டும் இல்லை. இருப்பதிலேயே மோசமான நிலை இதுதான். இரண்டில் ஒன்று முழுதாக விழித்திருந்தாலாவது ஒரு பயன் இருக்கும்.

சந்தேகம் இருந்தால் சோதித்துப் பார்க்கலாம். ஐகார் என்ற அமைப்பு ஆன்டிவைரஸ்களைச் சோதிப்பதற்காகவே 68 எழுத்துகள் கொண்ட ஒரு சிறு கோப்பை வைத்திருக்கிறது. வைரஸ் அல்ல, எந்தத் தீங்கும் செய்யாது; ஆனால் எல்லா ஆன்டிவைரஸும் அதைப் பிடிக்க வேண்டும் என்பது ஏற்பாடு. அதை இப்போது சேமித்துப் பாருங்கள். டாஸ்க் மேனேஜரில் நான்கு பெயர் ஓடும்போதே அந்தக் கோப்பு அமைதியாக வந்து உட்கார்ந்தால், ஓடுவதும் காப்பதும் வேறு வேறு என்பதை உங்கள் கண்ணாலேயே பார்த்துவிடுவீர்கள்.

என் பரிந்துரை: வாங்கியதை முழுதாக நீக்குங்கள், டிஃபெண்டரை விட்டுவிடுங்கள். முடக்க வேண்டாம், அன்இன்ஸ்டால் செய்யுங்கள். செட்டிங்ஸில் செயலிகள் பட்டியலுக்குப் போய் நீக்கிவிட்டு, ரீஸ்டார்ட் கேட்கும்போது ரீஸ்டார்ட்டே கொடுங்கள். "அப்புறம் பார்க்கலாம்" என்று ஷட்டவுன் செய்யாதீர்கள். திரும்பி வந்த பிறகும் அதன் பெயர் ஏதாவது ஓடினால், அந்த நிறுவனமே தனியாக ஒரு நீக்கும் கருவி வைத்திருக்கும். பெரிய ஆன்டிவைரஸ் நிறுவனங்கள் பெரும்பாலும் இதை வைத்திருக்கின்றன. அதை நிறுவனத்தின் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் எடுங்கள். பல கருவிகள் சேஃப் மோடில் ஓட்டச் சொல்லும். சேஃப் மோடில் அத்தியாவசியமானவை மட்டுமே எழும், டிரைவர் தூங்கும்போது தூக்கிவிடலாம் என்பதுதான் அதன் பொருள்.

கோப்புகளை நீங்களே கையால் அழிக்கப் போக வேண்டாம். நான் இந்தத் தொழிலுக்கு வந்த புதிதில் அப்படி ஒருமுறை சாமர்த்தியம் காட்டினேன். ஒருவருடைய கணினியில், நீக்க மறுத்த ஓர் ஆன்டிவைரஸின் டிரைவர் கோப்புகளைச் சேஃப் மோடில் போய் வரிசையாக அழித்தேன். ரீஸ்டார்ட் ஆனது, கடவுச்சொல் கேட்டது, விசைப்பலகை வேலை செய்யவில்லை. வேறொன்றைச் செருகினேன், அதுவும் இல்லை. அந்த ஆன்டிவைரஸ் தட்டச்சைப் பாதுகாக்கிறேன் என்று விசைப்பலகைகளுக்கு மேலேயும் ஒரு ஃபில்டரை ஏற்றி வைத்திருந்தது. கோப்பை நான் அழித்துவிட்டேன். "விசைப்பலகையை இவர் வழியாகத்தான் தொடங்க வேண்டும்" என்ற ரெஜிஸ்ட்ரி வரி அப்படியே இருந்தது. இல்லாத ஆளைத் தேடி விண்டோஸ் எல்லா விசைப்பலகையையும் நிறுத்திவிட்டது. கடைசியில் திரையில் தோன்றும் விசைப்பலகையை எடுத்து, எலிக்குட்டியால் ஒவ்வோர் எழுத்தாகச் சொடுக்கி உள்ளே போனேன். பக்கத்தில் நின்ற வாடிக்கையாளர் ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. இணையத்தை வடிகட்டும் டிரைவர்களிலும் இதேதான்: அரைகுறையாக நீக்கினால் ஆன்டிவைரஸோடு இணையமும் போய்விடும்.

நீக்கிய பிறகு விண்டோஸ் செக்யூரிட்டியைத் திறந்து டிஃபெண்டர் பச்சையாக இருக்கிறதா பாருங்கள். டேம்பர் ப்ரொடெக்‌ஷனும் இயக்கத்தில் இருக்கட்டும்.

மெதுவாக இருப்பதைப் பற்றி. தூங்குகிற ஆன்டிவைரஸ் நினைவகத்தைப் பிடித்திருக்கும், ஆனால் அதனால் மட்டும் கணினி தவழாது. டிஃபெண்டர் நூற்றுக்கு மேற்பட்ட மெகாபைட் எடுத்துக்கொண்டு சும்மா இருப்பது சாதாரணம். வைரஸ் அடையாளங்கள் அதில் இருக்கின்றன. திட்டமிட்ட ஸ்கேன் ஓடும்போது சிபியு அதிகம் ஏறும். அதற்கும் இயல்பாக 50 சதவீதம் என்ற சராசரி வரம்பு உண்டு. இரண்டு மாதமாகப் பாதுகாப்பு இல்லாமல் இருந்த கணினி என்பதால், முதல் முழு ஸ்கேன் நேரம் எடுக்கும். சார்ஜரில் போட்டு ஓட விடுங்கள். அதன் பிறகும், ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளோடு வேலை செய்யும்போது மட்டும் இழுக்கிறது என்றால், அந்த ஒரு கோப்புறையை டிஃபெண்டரின் விலக்குப் பட்டியலில் சேருங்கள். அணைப்பதைவிட அது நூறு மடங்கு நல்லது. முழு வட்டையும் சேர்த்துவிடாதீர்கள். டவுன்லோட்ஸ் கோப்புறையைச் சேர்க்கவே கூடாது.

கடைசியாக ஒரு வேலை. கமாண்ட் பிராம்ப்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து எஃப், எல், டி, எம், சி என்ற ஐந்து ஆங்கில எழுத்துகளைச் சேர்த்து அடித்து என்டர் தட்டுங்கள். படியில் நிற்கும் ஃபில்டர்களின் பெயரும் உயரமும் பட்டியலாக வரும். 32-ல் தொடங்கும் ஆறு இலக்க எண்களைத் தேடுங்கள். 328010 டிஃபெண்டருடையது, அது இருக்கட்டும். அந்த வரிசையில் வேறு பெயர் எதுவும் இல்லையென்றால் பழையதன் கோப்பு ஃபில்டர் அநேகமாகப் போய்விட்டது. நீக்கும் கருவியும் ரீஸ்டார்ட்டும் முடிந்த பிறகும் இன்னொரு பெயர் நின்றால், எதையும் அழிக்காமல் அந்த வரியை அப்படியே எனக்கு எழுதி அனுப்புங்கள்.